சான்சாவைக் கஷ்டம் ஆளாக்கவில்லை

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரை மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்துவிட்டேன். 8 சீசன், 73 எபிசோடு. இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள், கதை முழுக்க வரும். ஊரே டிராகன் ராணி டெனேரிஸுக்காகச் சண்டை போட்ட காலத்திலும் எனக்கு வடக்குப் பிரபுவின் மூத்த மகள் சான்சா ஸ்டார்க்தான். அவள் விஷயத்தில் ஒரு மனத்தாங்கல் ரொம்ப நாளாக உள்ளே கிடக்கிறது.

கடைசி சீசன், நாலாவது எபிசோடு. ஒரு காலத்தில் தலைநகரை விட்டுத் தன்னோடு வரச் சொல்லிக் கூப்பிட்ட போர்வீரன் ஹவுண்ட், விருந்து மேசையில் அவளிடம், அன்றைக்கே என்னோடு கிளம்பி வந்திருந்தால் உன்னைப் பகடைக்காயாக்கிய லிட்டில்ஃபிங்கரும் இல்லை, கட்டிக்கொண்டு வதைத்த ராம்சேயும் இல்லை என்கிறான். அவர்கள் இல்லையென்றால் நான் கடைசிவரை நீ கூப்பிட்ட அந்தச் சின்னப் பறவையாகவே இருந்திருப்பேன் என்கிறாள் சான்சா. 2019 மே மாதம் அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இப்போதும் அப்படித்தான்.

ஏனென்றால் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆலங்குளம் பக்கம் என் மதினி இருக்கிறாள். அண்ணன் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பீடி சுற்றியே இரண்டு பிள்ளைகளையும் கரை சேர்த்தாள். வீட்டில் விசேஷம் என்றால் யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார்: “பட்ட பாடுதான் அவள இப்படி ஆளாக்கிட்டு.” மதினி மறுத்துப் பேச மாட்டாள். ஆனால் நான் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த முதல் மாதமே, அவள் சுற்றிய பீடியைக் கழித்துப் போட்டவர் முன்னால் கட்டு கட்டாகப் பிரித்து வைத்து, “இதுல என்ன கொறைன்னு சொல்லுங்கண்ணாச்சி” என்று குரல் உயராமல் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த நிதானம் அண்ணன் அடித்து வந்ததில்லை. பிறந்த வீட்டிலிருந்தே கொண்டுவந்தது.

சான்சாவும் அப்படித்தான். முதல் எபிசோடிலேயே அவள் தையலை ஆசிரியை பாராட்டுகிறாள். பக்கத்தில் தங்கச்சி ஆர்யாவுக்கு ஊசி ஓடவில்லை, அம்பு விடப் பறக்கிறாள். நாமெல்லாம் அந்த நிமிஷமே ஆர்யா பக்கம் போய்விட்டோம். தையல், மரியாதை, அடக்கம் எல்லாம் நமக்கு அசட்டுத்தனமாகத் தெரிந்தது. 2011-ல் தொடர் தொடங்கியபோது சோஃபி டர்னருக்கு வயது 15. ஜாஃப்ரியைப் பார்த்துக் கண் விரிகிற அந்தப் பிள்ளையை எத்தனை பேர் திட்டினோம். இளவரசன் மேல் ஆசைப்பட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

அப்பாவின் தலையை வெட்டி மதில் மேல் குத்தி வைத்து, அதைப் பார் என்று அவளை நிறுத்துகிறான் ஜாஃப்ரி. பார்க்கிறாள், பதிலும் சொல்கிறாள். இரண்டாம் சீசன் தொடக்கத்தில் அவன் பிறந்தநாள் விளையாட்டுக்குக் குடித்துவிட்டு வந்த டோன்டோஸ் என்ற வீரனின் வாயில் மதுவை ஊற்றியே கொல்லச் சொல்கிறான். பிறந்தநாளில் ஆளைக் கொன்றால் ஆகாது என்று ஒரு பொய்யை அங்கேயே கட்டி, அந்த உயிரைக் காப்பாற்றியது யார்? சான்சா. அப்போது அவள் வாழ்க்கையில் லிட்டில்ஃபிங்கரின் பாடமும் கிடையாது, ராம்சேயும் கிடையாது. அவள் கையிலிருந்தது எல்லோரும் கேலி செய்த அந்த மரியாதைப் பேச்சு மட்டும்தான்.

ஐந்தாம் சீசனைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தொடருக்கு மூலமான நாவலில் ராம்சேக்குக் கட்டி வைக்கப்படுகிறவள் ஜெய்ன் பூல் என்ற வேறொரு பெண். தொடருக்காக அதைச் சான்சா தலையில் கட்டினார்கள். முதலிரவில் அவளுக்கு நடக்கிற கொடுமையின்போது கேமரா அவள் வீட்டில் வளர்ந்த தியோனின் முகத்துக்குப் போய்விடுகிறது. அவள் வேதனையைக்கூட ஒரு ஆணின் கண்ணீர் வழியாகத்தான் காட்ட வேண்டுமா?

நம்ம பக்கம் இசக்கியம்மன் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். நம்பியவன் கையாலேயே செத்து, பேயாக வந்து பழி தீர்த்து, அப்புறம்தான் அவளுக்குப் பீடம். அந்த இடம் பாடும்போது நானும் அழுதிருக்கிறேன், குலவை போட்டிருக்கிறேன். ராம்சே மேல் அவன் நாய்களே பாய்ந்தபோதும் கை தட்டினேன். ஆனால் கொடை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, சாகாமலே அவளை ஏன் நாம் கும்பிடவில்லை என்று நெஞ்சு உறுத்தும். ஹவுண்டிடம் சான்சா பேசிய அந்த வசனம் அதே இடத்தில்தான் எனக்குக் குத்துகிறது.

அவள் எல்லாம் சரியாகச் செய்தாள் என்று சொல்லவில்லை. உதவிக்கு வேல் பள்ளத்தாக்குப் படை வரப்போவதை அண்ணன் ஜானிடம் மறைத்ததை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியாது, ராம்சேயோடு நடந்த அந்தச் சண்டையில் எத்தனை பேர் செத்தார்கள். ஏழாம் சீசனில் அக்கா தங்கச்சி சண்டையை இழுத்தது வீண். ஆனால் கடைசியில் அடுத்த ராஜா யார் என்று பேசுகிற சபையில் மாமா எட்மூர் எழுந்து நீட்டி முழக்க, “மாமா, தயவுசெய்து உட்காருங்கள்” என்கிறாள் பாருங்கள், கத்தல் இல்லை, அவமரியாதை இல்லை. முதல் சீசன் சான்சாவின் குரலேதான் அது. அடுத்து, வடக்கு தனி நாடாகவே இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறாள்.

போன வாரம் மதினி வீட்டுக்குப் போனபோது, சான்சா முடிசூடும் காட்சியை மட்டும் போனில் காட்டினேன். மடியில் சொளவு, கையில் பாதி சுற்றிய பீடி. கதை ஒன்றும் தெரியாது அவளுக்கு. போனைக் கிட்டத்தில் வாங்கிச் சட்டைக் கையில் ஓடுகிற இலை வேலைப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல கை வேலட்டி இது. யாரு தச்சது?”

“அவளேதான் தச்சிருப்பா மதினி” என்றேன்.