'முழுத் தேவை' யார் போட்ட கணக்கு?

மார்ச் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளின் முடிவுகள் வந்துவிட்டால் போதும், "ஹார்வர்டில் 2 லட்சம் டாலர் வருமானம் வரை எல்லாம் இலவசம்" என்று யாராவது பகிர ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாம் இலவசம் இல்லைங்க. 2025-26இலிருந்து அந்த வரம்புக்குக் கல்விக் கட்டணம் மட்டும்தான் கிடையாது. விடுதி, சாப்பாடு உட்பட ஒன்றுமே கட்ட வேண்டாம் என்பது 1 லட்சம் டாலர் வரைக்கும்தான். அதுவும் சொத்து அதிகம் இல்லாத குடும்பத்துக்கு. பிரின்ஸ்டன் 2025இல் இந்த இரண்டாவது வரம்பை ஒன்றரை லட்சமாக்கியது.

என்னைக் கேட்டால், இந்த வரம்புகளை ஒப்பிடுவதே வெட்டி வேலை. 'தேவையை நூறு சதவீதம் ஈடுகட்டுகிறோம்' என்கிறார்களே, அந்தத் தேவை, அதாவது படிப்புச் செலவில் குடும்பத்தால் கட்ட முடியாத பகுதி, எவ்வளவு என்று சொல்வது நாம் இல்லை, கல்லூரி. குடியிருக்கும் வீட்டின் மதிப்பை ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் சொத்தாகப் பார்ப்பதில்லை. பார்க்கிற கல்லூரிகளும் இருக்கின்றன. (வீட்டை விற்றுவிட்டு எங்கே போய்ப் படுப்பதாம்?) பெற்றோர் பிரிந்திருந்தால் இருவர் வருமானத்தையும் கேட்கும் இடங்கள் நிறைய. வெளிநாட்டு மாணவர் என்றால் இன்னொரு வலி: பணம் கேட்பதே சேர்க்கையைப் பாதிக்குமா என்று முதலில் பாருங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடியில் பாதிக்காது, ஸ்டான்ஃபோர்டில் பாதிக்கலாம்.

கல்லூரிகள் ஒன்றாக உட்கார்ந்து இந்தக் கணக்கு முறையை வகுத்துக்கொள்ள 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் கொடுத்திருந்தது, சேர்க்கையில் பணத்தைப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை மீறி, கூட்டுச் சேர்ந்து உதவியைக் குறைத்தார்கள் என்று 2022இல் வழக்கு வந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலே பல கல்லூரிகள் பணம் கொடுத்துச் சமரசமாகிவிட்டன.

என் உறவுக்காரப் பெண்ணுக்கு இரண்டு கல்லூரிகளிலிருந்து கடிதம் வந்தது. இரண்டுமே 'முழுத் தேவை' கல்லூரிகள்தான். ஒன்றில் கொடுத்தது முழுக்கத் திருப்பித் தர வேண்டாத பணம். இன்னொன்றில் கடனையும், வளாகத்தில் வேலை பார்த்து அவளே சம்பாதிக்க வேண்டியதையும் சேர்த்து 'உதவி' என்று கூட்டிக் காட்டியிருந்தார்கள். பிரின்ஸ்டன் 2001லேயே கடனைத் தூக்கிவிட்டு உதவித்தொகை தர ஆரம்பித்துவிட்டது என்பதை நினைத்துக்கொண்டேன். இரண்டு கடிதங்களுக்கும் இருந்த வித்தியாசத்தில் ஒரு பழைய கார் வாங்கிவிடலாம்.

முதல் கடிதத்தை இரண்டாவது கல்லூரிக்கு அனுப்பி, மறுபரிசீலனை கேட்கச் சொன்னேன். பத்தே நாளில் தொகையைக் கூட்டிப் புதுக் கடிதம் அனுப்பினார்கள். அதிலும் அதே வரி: தங்கள் முழுத் தேவையும் ஈடுகட்டப்பட்டுள்ளது.