5 ரூபாய் டிக்கெட்டும் எளிமைப் பட்டமும்

ஒரு கோடீஸ்வரர் லோக்கல் ரயில்ல போற படத்தை நேத்துலேர்ந்து நாலு பேர் எனக்கே அனுப்பிட்டீங்க. பார்த்துட்டேன்பா. கோடீஸ்வரர், கும்மிடிப்பூண்டி லோக்கல், ஜன்னலோர சீட்டு, கையில 5 ரூபாய் டிக்கெட். "என்ன ஒரு எளிமை!"ன்னு கீழ கமெண்ட்ல கும்பிடா கொட்டிக் கிடக்கு.

18 வருஷமா திருவொற்றியூர்லேர்ந்து அதே வண்டியிலதான் போறேன். பேசின் பிரிட்ஜ்ல சிக்னலுக்கு நிக்கிறப்போ எவரோட டிபன் பாக்ஸோ விலாவுல குத்தும், நான் ஒத்தக் கால்ல நிப்பேன். என் எளிமையை ஒருத்தரும் பாராட்டினதில்ல. (ஜன்னலோரம் காலியா இருந்துச்சுன்னா அது மத்தியான வண்டி. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.)

அவர் போகக்கூடாதான்னு கேப்பீங்க. தாராளமா போகட்டும், ரயில் என்ன எங்க தாத்தா போட்டதா? நான் கேக்கிறது ஒண்ணுதான். அவர் செலவைக் குறைச்சா எளிமை, நாங்க குறைச்சா இல்லாமை. அவர் காசை இறைச்சா ரசனை. நாங்க இறைச்சா?

2019ல ஏலச்சீட்டு எடுத்த காசுல அம்மாவை மதுரைக்கு பிளைட்ல கூட்டிட்டுப் போனேன். மீனாட்சியைப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை அவங்களுக்கு. ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டு, "எண்ணூர் சிம்னி தெரியுதா பாருடா"ன்னாங்க. மீனம்பாக்கத்துல ஏறி தெக்கால போறவனுக்கு எண்ணூர் எங்கேர்ந்து தெரியும்? "அதோ"ன்னு எதையோ காட்டினேன்.

திங்கக்கிழமை அப்போ இருந்த முதலாளி கேட்டார்: "உனக்கெல்லாம் தேவையா இது? பாண்டியன்ல படுத்தா காலையில மதுரை." அவர் முந்தின வாரம்தான் சுவிஸ்லேர்ந்து வந்திருந்தார். எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார். நானும் தின்னேன். தீபாவளிக்கு அட்வான்ஸ் கேட்டப்போ, "பிளைட்ல போறவனுக்கு எதுக்குப்பா அட்வான்ஸ்?"ன்னு எல்லாரும் இருக்கிறப்பவே சொல்லிச் சிரிச்சார்.

வரி கட்டுறாங்களேன்னு ஒருத்தர் வருவார். சரி சார், பிசினஸ் கிளாஸுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, எகானமிக்கு 5. கட்டுறாங்க, ஒத்துக்கிறேன். அவங்க செலவு பண்ணாதான் நாலு பேருக்கு வேலைன்னு இன்னொருத்தர். அந்த நாலு பேர்ல ஒருத்தனாத்தான் நானும் இருந்தேன், அட்வான்ஸ் கதையை மேல படிங்க.

பொறாமையா? ஆமா, இருக்கு. அதுக்கு இன்னா இப்போ? பொறாமைப்படுறதுக்கும் பேன் கார்டு காட்டணுமா?

அம்மா அந்த போர்டிங் பாஸை பழைய ரேஷன் கார்டு உறைக்குள்ளதான் வச்சிருக்காங்க. எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத்தாளாப் போச்சு. முந்தாநாள் சிலிண்டர் போட வந்த பையன்கிட்டகூட எடுத்துக் காட்டினாங்க.