ட்ராப் மட்டும் மாற்றினால் போதாது

காகித ஆலையில் தாளை உலர்த்தும் நீராவி சிலிண்டர்களில், ஸ்டீம் ட்ராப்பை (நீராவியை நிறுத்தி, குளிர்ந்து நீரானதை மட்டும் வெளியே விடும் வால்வு) மாற்றினாலே நீராவிச் செலவு குறையும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது பாதிதான் சரி. 3 பார் அழுத்தத்தில் உள்ள கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து மாறிய சுடுநீர்) திறந்த தொட்டியில் விட்டால் சுமார் 8 சதவீதம் மறுபடி ஆவியாகிக் கூரைக்கு மேலே போய்விடும். மூடிய ஃப்ளாஷ் டேங்கில் (அழுத்தம் குறையும்போது எழும் ஆவியைப் பிரிக்கும் தொட்டி) அந்த ஆவியைப் பிரித்து, ஈரத்தாள் நுழையும் முதல் சிலிண்டர்களுக்குக் கொடுக்கலாம். அங்கே குறைந்த அழுத்தமே போதும். சூடு கூடினால் தாள் சிலிண்டரில் ஒட்டி நார் பிய்யும். சிலிண்டருக்குள்ளிருந்து கண்டன்சேட்டை வெளியே எடுக்கும் சைஃபன் குழாயின் முனை தேய்ந்து, சிலிண்டர் சுவருக்கும் அதற்கும் இடைவெளி கூடினால் உள்ளே தண்ணீர் தடித்த வளையமாகச் சுற்றி வெப்பத்தை மறிக்கும். அதைக் கவனிக்காமல் பிரஷரை ஏற்றுவது வெட்டிச் செலவு.

காரைக்குடிப் பக்கம் அட்டை ஆலை போட நினைப்பவர்களுக்கு: முற்றத்து மழைநீரை அண்டாவில் பிடித்த ஊர் நம்முடையது, கண்டன்சேட்டைச் சாக்கடையில் விடாதீர்கள், பாய்லருக்கே திருப்பி அனுப்புங்கள். பாய்லர் ஃபீட் வாட்டர் (பாய்லருக்குள் செலுத்தும் நீர்) அதன் சூட்டால் 6 டிகிரி ஏறினால் எரிபொருள் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சம். கண்டன்சேட்டைத் திருப்பி அனுப்பும் பம்பை டேங்குக்கு நன்றாகக் கீழே வையுங்கள். இல்லையென்றால் கொதிநீர் உறிஞ்சுகுழாயிலேயே ஆவியாகி இம்பெல்லரை (பம்பின் சுழல் சக்கரத்தை) அரித்துவிடும்.