வார இறுதிக்குக் கியோத்தோ மட்டும்தானா?
ஜப்பானில் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் வார இறுதியில் கியோத்தோவுக்கோ டோக்கியோவுக்கோ போனால்தான் அந்நாட்டுப் பண்பாட்டைப் பார்க்க முடியும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வெளிநாட்டவரை ஆங்கிலம் கற்பிக்க அழைத்துவரும், 1987இல் தொடங்கிய ஜப்பான் அரசின் ஜெட் திட்டத்தில் வரும் பலருக்குச் சிற்றூர்ப் பள்ளிகள்தான் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது ஷிக்கோக்கு தீவின் தொகுஷிமா. அந்தத் தீவு முழுக்க 88 கோயில்களைச் சுற்றிவரும் யாத்திரைப் பாதை இருக்கிறது, சுமார் 1,200 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, உள்ளூர்க்காரர்களே பகுதி பகுதியாகத்தான் நடக்கிறார்கள். முதல் கோயிலான ரியோசென்ஜியில் முத்திரை வாங்குவதற்கான ஒரு ஏடு வாங்கிக்கொண்டால், போகிற கோயில்களில் எல்லாம் அதில் கோயில் பெயரைத் தூரிகையால் கறுப்பு மையில் எழுதி, சிவப்பு முத்திரையும் இட்டு, மை ஈஷாமல் நடுவில் ஒரு தாளையும் வைத்துத் தருவார்கள். அவ்வளவு அழகான கையெழுத்து! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறார். வழியில் முன்பின் தெரியாத பாட்டி ஆரஞ்சுப் பழத்தைக் கையில் திணித்துவிட்டுப் போவார், யாத்திரிகருக்குக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். வாங்கிக்கொண்டு தலை வணங்கினால் போதும். திங்கட்கிழமை வகுப்பில் அந்த ஏட்டைக் காட்டினால், வாயே திறக்காத பிள்ளைகள்கூட ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள். அப்புறம், ஏட்டில் எழுதித் தரும் இடத்தை மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், அதனால் காலையிலேயே கிளம்புங்கள்.