பொருநைச்செல்வன் ஆண் பிள்ளைதான்

என் தங்கை மகனுக்குப் பொருநைச்செல்வன் என்று பெயர் சூட்டினோம்; பொருநை என்பது தாமிரபரணி ஆற்றின் பழம்பெயர். விழாப் படத்தின் கீழ் இந்தப் பெயரைக் கேலி செய்து பலர் கருத்து எழுதினார்கள். அந்தக் கூத்தை முழுதாக விவரிக்கப் போவதில்லை. "ஆற்றின் பெயரைப் பெண்ணுக்குத்தானே வைப்பார்கள்?" என்று கேட்டவர்களுக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

ஆற்றைப் பெயரில் சுமந்த ஆண்கள் நம்மிடையே என்றும் இருந்திருக்கிறார்கள். கங்கையைச் சடையில் தாங்கிய சிவன் கங்காதரன். கங்கையின் மகன் என்பதால் பீஷ்மரும் முருகனும் காங்கேயர்கள். பிரம்மபுத்திரா என்ற ஆற்றின் பெயருக்கே பிரம்மனின் மகன் என்றுதான் பொருள். "அவை ஆற்றோடு உறவு சொல்லும் பெயர்கள், ஆற்றின் பெயர்கள் அல்லவே" என்று ஓர் அறிவாளி திருத்தினார். ஐயா, பொருநைச்செல்வன் என்றாலும் பொருநை பெற்ற மகன்தான். செல்வன் என்ற பாதி தங்கள் கண்ணில் படவே இல்லையா?

எங்கள் தாத்தாவின் பெயர் கங்காதரன். கங்கையை அவர் கண்ணால் பார்த்ததில்லை; தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைவித்து எங்கள் அப்பாவைப் படிக்க வைத்தார். எங்கோ ஓடும் ஆற்றின் பெயர் அவருக்குப் பொருந்தியபோது வாய் திறக்காத உறவுகளுக்கு, சோறு போட்ட ஆற்றின் பெயர் மட்டும் உறுத்துகிறது. 2021இல், தாமிரபரணிப் பகுதியான சிவகளையில் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று அறிவித்தபோது, பொருநை என்ற பழம்பெயர் ஊரெல்லாம் பேச்சானது. பையன் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று தங்கை அன்றே சொல்லிவிட்டாள்.

பெயர் நீளம் என்கிறீர்கள். வீட்டில் செல்வா என்று கூப்பிட்டுக்கொள்வோம். பள்ளியில் கேலி செய்வார்கள் என்கிறீர்கள். பிள்ளைகள் செய்வார்களோ இல்லையோ, பெரியவர்கள் முந்திக்கொண்டீர்கள். ஜோர்டான் என்பதும் ஆற்றின் பெயர்தான். அமெரிக்காவில் 1990களில் எத்தனையோ பையன்களுக்கு அதைச் சூட்டினார்கள். அது மட்டும் உங்களுக்கு நவீனமாகத் தெரிகிறது. எண்கணிதக்காரர் எழுதிக் கொடுத்து, 'ஷ்' என்று முடியும், பொருள் கேட்டால் பெற்றோரே விழிக்கும் பெயர்களைப் பற்றி நான் ஒரு நாளும் பேசியதில்லை.

உண்மையில் என்னைச் சுட்டது வேறு. பரிகாரம் என்று தாமிரபரணிக் கரைப் பாபநாசத்தில் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டு வந்தவர்தான் முதலில் சிரித்தவர். துணிமூட்டையை ஏற்கும் ஆறு, ஒரு பிள்ளையின் பெயரில் வந்தால் கேவலமா?

பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்த்தாகிவிட்டது, இனி மாறாது. வீட்டுக்கு வருகிறவர்கள் பிள்ளையை முழுப்பெயர் சொல்லி அழைத்தால் மகிழ்வோம்.