கிரியேட்டினின் மட்டும் பார்த்தால் போதாது
சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு வரும் பிகே வைரஸ் பற்றிய இந்தக் கட்டுரை, "கிரியேட்டினின் ஏறாதவரை வைரஸ் பற்றிக் கவலை வேண்டாம்" என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு. பிகே வைரஸ் பெரும்பாலானோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றிச் சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். மாற்று அறுவைக்குப் பின் மருந்து கொடுத்து எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்போது பெருகும். பெரும்பாலும் காய்ச்சல், வலி எதுவும் இருக்காது. என் தம்பிக்கு அம்மா கொடுத்த சிறுநீரகம். கிரியேட்டினின் ஏறாமல் 1.2தான், ஆள் நன்றாகத்தான் இருந்தான், ஆனால் மாதாந்திர இரத்த பிசிஆரில் (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) பிகே தெரிந்தது. டாக்டர் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தான மைக்கோஃபீனோலேட்டைப் பாதியாக்கினார், அப்புறம் அதே வேலையைச் செய்யும் டாக்ரோலிமஸையும் கொஞ்சம் குறைத்தார்; வைரஸ் மெல்ல இறங்கியது. இந்த மருந்துகளை நாமாகக் குறைக்கவே கூடாது, உடல் சிறுநீரகத்தை நிராகரித்துவிடும். வால்கான்சைக்ளோவிர் மருந்து பற்றி ஒருவர் கேட்டிருந்தார்; அது சிஎம்வி என்ற வேறொரு வைரஸுக்கானது, பிகேயைத் தடுக்காது. பிகேக்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்தே இல்லை. கிரியேட்டினின் ஏறும்வரை காத்திருந்தால் அதற்குள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும்.