ஆமாம், அந்தப் படத்தில் காருக்கு அடியில் கிடப்பது நான்தான்

இரண்டு நாளாகத் தமிழ்க் குழுவில் அந்தப் படம் சுற்றுகிறது. எனக்கே அனுப்பி, “அண்ணே, இது நீங்கதானே?” என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். ஆமாம். சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையிலிருந்து தோ பாயோவுக்கு இறங்கும் வழியோரத்தில், ஆபிஸ் சட்டையோடு, காருக்கு அடியில் பாதி உடம்பை விட்டுக்கொண்டு கிடப்பது நான்தான். ‘கிழட்டுக் காருக்குக் கீழே ஒரு கிழம்’ என்று மேலே போட்டிருந்த வரியையும் படித்தேன். நல்ல நகைச்சுவை. சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. அவர்களிடம் பிறகு வருகிறேன்.

முதலில் கார். 1969 எம்ஜிபி ஜிடி, எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார். நின்றது உண்மை. அதன் பின்பகுதியில் எஸ்யூ என்ற கம்பெனியின் மின்சாரப் பெட்ரோல் பம்ப் ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று அடிக்கும், கார்புரேட்டர் நிறைந்ததும் ஓயும். உள்ளே மின்சாரம் தொட்டுப் பாயும் முனை, அதாவது பாயின்ட், தேய்ந்துபோனால் சில நேரம் அந்தச் சத்தம் வராது, பெட்ரோலும் வராது. அதற்கு வைத்தியம், ஸ்பேனரின் பின்பக்கத்தால் பம்பின் முதுகில் ஒரு தட்டு. உலகம் முழுக்க எம்ஜி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. பின்பக்கமாகப் புகுந்து கையை நீட்டித் தட்டினேன். டிக் டிக் என்றது. எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வேலைக்குப் போனேன். படம் எடுத்தவர் அந்தப் பகுதியை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் யார் லைக் போடுவார்கள்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இது ஓட்டுவதற்காகச் செய்த கார். ஓட்டினால்தான் ஒழுங்காக இருக்கும். அதனால்தான் தினமும் ஓட்டுகிறேன்.

“அப்படியே வீட்டில் வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கலாமே அண்ணே, கிளாசிக் திட்டம் இருக்கே” என்று ஒருவர் மரியாதையாகவே எழுதியிருந்தார். இருக்கிறது, தெரியும். 35 வயது தாண்டிய வண்டியை அதில் சேர்க்கலாம். செலவு ஏகப்பட்டது மிச்சம். ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் ரோட்டில் எடுக்க முடியும். மிச்ச நாளெல்லாம் சும்மா நிற்க வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் ஒரு பழைய பிரிட்டிஷ் கார் சும்மா நின்றால் என்ன ஆகும் என்று எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேளுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், சிலிண்டருக்குள் துரு பிடிக்கும். ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கும். கார்புரேட்டரில் நின்ற பெட்ரோல் பிசின் மாதிரி படியும். பேட்டரி செத்துப்போகும். அதுவும் என் வண்டியில் பேட்டரி இரண்டு: சீட்டுக்குப் பின்னால் தரைக்குக் கீழே 6 வோல்ட்டில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ஒன்று போனாலும் கதை முடிந்தது. நிற்க வைத்துக் காப்பாற்றலாம் என்பவர்கள் இந்தக் காரின் பானட்டைத் திறந்து பார்த்ததே இல்லை.

அதனால் சாதாரண சிஓஇ-யில், அதாவது இங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழில், வைத்திருக்கிறேன். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன். 14 வயது தாண்டிய வண்டி என்பதால் சாலை வரியின் மேல் 50 விழுக்காடு கூடுதலாகக் கட்டுகிறேன். ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். போன முறையும் பாஸ். பிரேக், விளக்கு, புகை எல்லாம் பாஸ். இதைச் சொல்வது பெருமைக்காக இல்லை. ‘இந்த மாதிரி ஓட்டையெல்லாம் ரோட்டில் எப்படி விடுகிறார்கள்’ என்று கேட்டாரே ஒருவர், அவருக்காக. சோதித்துத்தான் விடுகிறார்கள் ஐயா.

“காசுத் திமிர்.” இது அடுத்தது. இதற்குத்தான் அதிக லைக். 2008 நவம்பரில் சின்ன எஞ்சின் கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 2 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? இரண்டாயிரம் இல்லை, இரண்டு வெள்ளி. என் வண்டி 1798 சிசி, அதனால் பெரிய எஞ்சின்களுக்கான பி பிரிவு. ஆனால் அந்த நேரத்தில் அதுவும் மலிவாகத்தான் கிடந்தது. அப்போதுதான் வாங்கினேன், 2009-ல். 2019-ல் புதுப்பித்தபோது வலித்தது. 2023 அக்டோபரில் பி பிரிவு 150,001 வெள்ளியைத் தொட்ட அன்று நானும் உங்களைப் போலத்தான் திகைத்தேன். 2029-ல் என்ன செய்யப்போகிறேன் என்று என் மனைவி கேட்கிறாள். பதில் இல்லை. ஆனால் பத்து வருடத்துக்கு ஒருமுறை நல்ல காரை ஸ்கிராப்புக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கடனில் அடுத்த காரை எடுப்பவர்கள் எனக்குத் திமிர் என்கிறார்கள். அதுதான் எனக்கு விளங்கவில்லை. நான் ஓட்டுவது ஏசி இல்லாத கார். ஏப்ரல் மாத மதியத்தில் சிக்னலில் ஜன்னலை இறக்கிவிட்டு வேர்த்து வழிகிறேன். திமிரை இப்படியா காட்டுவார்கள்?

புகை பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆமாம், இன்றைய காரைவிட அதிகம்தான். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கிடையாது. 1998-ல் ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே நின்றது. இந்த வண்டியின் சிலிண்டர் ஹெட்டுக்கு ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தாங்குகிற வால்வு சீட் போட்டிருக்கிறது. சரியாக டியூன் செய்கிறேன். அதற்கு மேல் வாதாட எனக்கு மனமில்லை. மூன்று வருடத்துக்கு ஒரு கைப்பேசியைத் தூக்கிப் போடுகிறவர்களிடம் அந்தப் பாடத்தைக் கேட்கவும் மனமில்லை.

பராமரிப்பு என்றால் என்ன என்று தெரியாமல்தான் பாதிப் பேர் பேசுகிறார்கள். முன் சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங்பின்னில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே பிதுங்கி, பின்னால் புது கிரீஸ் தேன் நிறத்தில் எட்டிப் பார்க்கும்வரை கிரீஸ் கன்னை அழுத்த வேண்டும். எட்டிப் பார்க்காவிட்டால் அடைப்பு, கழற்ற வேண்டும். எஸ்யூ கார்புரேட்டர் இரண்டின் தலையிலும் மூடியைத் திருகி எடுத்து டேம்பர் எண்ணெய் ஊற்ற வேண்டும். குறைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி திக்கும். டிஸ்ட்ரிப்யூட்டர் பாயின்ட்டின் இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. அதை அளக்கும் மெல்லிய தகடு, ஃபீலர் கேஜ், உள்ளே போகும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது. சின் மிங் வட்டாரத்தில் இருக்கும் என் மெக்கானிக் கேஜ் இல்லாமலே பார்த்துச் சொல்வார். எழுபதைத் தாண்டிய சீனர். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குச் சீனம் வராது, இரண்டு பேரும் பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், பேசிக்கொள்கிறோம். அவருக்குப் பிறகு அந்தக் கடையை எடுக்க ஆளில்லை. மகன் வீடு விற்கும் ஏஜென்ட். (நன்றாகச் சம்பாதிக்கிறான். குறை சொல்லவில்லை.)

இனி, ‘தமிழனுக்கு எதற்கு வெள்ளைக்காரன் வண்டி’. இதைத் தமிழில், தமிழ்க் குழுவில், ஜெர்மன் கார் வைத்திருக்கும் ஒருவர் எழுதினார். ஜெர்மன்காரன் என்ன கும்பகோணத்துக்காரனா? எம்ஜி என்ற பெயரே இப்போது சீன நிறுவனத்தின் கையில் இருக்கிறது. உங்கள் பிளாக் கார்நிறுத்தத்தில் சத்தமில்லாமல் நிற்கும் மின்சார எம்ஜியைக் கேட்டுப்பாருங்கள். எம்ஜிபியைச் செய்த ஆபிங்டன் தொழிற்சாலை 1980-லேயே மூடியாயிற்று. என் காரில் இருக்கும் எஞ்சின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ். நம் ஊர் அம்பாசிடர் கார் ஞாபகம் இருக்கிறதா? கலெக்டர் முதல் கல்யாண மாப்பிள்ளைவரை போன கார். அதன் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே பி-சீரிஸ்தான். இது கொஞ்சம் பெரிய அண்ணன், அவ்வளவுதான். இந்த ஊரையே எடுத்துக்கொண்டாலும், 1961-ல் அப்பர் தாம்சன் ரோட்டில் முதல் கிராண்ட் பிரீ நடந்தபோது ஜெயித்தது ஒரு வெள்ளைக்காரன் வண்டிதான், ஆஸ்டன் மார்ட்டின். ஃபார்முலா ஒன் நைட் ரேஸ் வருவதற்கு முன்னால் இங்கே சரித்திரமே இல்லை என்று நினைக்கிறவர்கள் அந்த ரோட்டில் ஒருமுறை மெதுவாகப் போய்ப் பார்க்கலாம்.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தவர். அதிகாரிகளின் எம்ஜி, டிரையம்ஃபெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கையில் வரும். அதனால் இந்த வண்டியைப் பார்த்ததும் கண் கலங்கினார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். கலங்கவில்லை. “இந்தக் காசுக்கு ஒரு டொயோட்டா வாங்கியிருக்கலாம்லடா” என்றார். பெட்ரோல் நாற்றத்தில் தலைவலிக்கிறது என்று பெரும்பாலும் ஏறவும் மாட்டார். ஆனால் வாசலில் நான் சாவியைத் திருப்பினால் உள்ளே இருந்தபடியே, “பம்ப் சத்தம் சரியில்ல, பாரு” என்பார். சரியாகவும் இருக்கும். அவர் போன பிறகு அதைச் சொல்ல ஆளில்லாமல் போனது. இது எதற்கு இங்கே வந்தது என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

சரி, சொந்தக்காரர்களுக்கு வருகிறேன். அந்தப் படத்தை நம் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, ‘மாமா மியூசியத்துக்கு வேலைக்குப் போயிட்டாரு’ என்று எழுதிய தம்பிக்கு. உன் கல்யாணத்தன்று சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயில் வாசலில் மல்லிகைச் சரம் சுற்றி நின்றது எந்தக் கார்? “மாமா, உங்க கார்லதான் வந்து இறங்கணும்” என்று ஒரு மாதம் என் பின்னால் சுற்றியது யார்? பூச்சரத்தின் ஈரம் பெயின்ட்டில் கறையாகி, அதைப் பாலிஷ் போட்டு எடுக்க நான் பட்ட பாட்டை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆல்பத்துக்கு அழகாக இருந்தால் கிளாசிக், ரோட்டில் நின்றால் குப்பையா? உன் கார் போன மாதம் மென்பொருள் அப்டேட் ஆகாமல் கார்நிறுத்தத்திலேயே மூன்று நாள் கிடந்தது. நான் படம் எடுத்தேனா? “ஆபிஸுக்கு எப்படிப் போற, நான் கொண்டு விடவா” என்றுதானே கேட்டேன்? இந்தக் கிழட்டுக் காரில்தானே போனாய்?

அன்று காலையில் எத்தனையோ கார்கள் என்னைத் தாண்டிப் போயின. சில மெதுவாகின, ஜன்னலுக்குள்ளிருந்து கைப்பேசி நீண்டது. நின்றது ஒரே ஒரு லாரி. ஓட்டியவர் புதுக்கோட்டைக்காரர், பின்னால் வேலைக்குப் போகும் ஆட்கள். லாரியை என் காருக்குப் பின்னால் மறைப்பாக நிறுத்தி, ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். நான் திறந்து வைத்திருந்த பானட்டுக்குள் எட்டிப் பார்த்து, “அண்ணே, இது அம்பாசிடர் இன்ஜின் மாதிரியில்ல இருக்கு? எங்க சித்தப்பா டாக்சி வச்சிருந்தாரு” என்றார். அந்தக் குழுவில் இருக்கும் அத்தனை வாகன நிபுணர்களுக்கும் தெரியாதது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. நான் அடியில் கிடந்தபோது ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது அவர்தான். படத்தில் ஓரத்தில் தெரிவது அவருடைய பூட்ஸ். அதையும் ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார், ‘உதவிக்கு பங்களா ஆள் வேற’ என்று, பங்களாதேஷ் தொழிலாளி என்ற இளக்காரத்தில். என்னைச் சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன். அதைப் பொறுக்க முடியவில்லை. அந்தக் கருத்தைப் போட்டவர் என் நண்பர் பட்டியலில் இன்று காலைவரை இருந்தார்.

‘எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறார், ஒரு ஜோக்குதானே’ என்று யாராவது இதற்கும் வருவீர்கள். வாருங்கள். நாளைக் காலையும் இதே காரில், இதே ரோட்டில்தான் போவேன். விலைக்குக் கேட்டு இன்பாக்ஸில் வந்த இரண்டு பேருக்கும்: விற்பதற்கில்லை. படம் வந்த பிறகு விலையைக் குறைத்துக் கேட்டவருக்கு: நிச்சயமாக விற்பதற்கில்லை.

இந்த மாதம் லண்டனிலிருந்து யாராவது வருகிறீர்களா? எம்ஜிபி-க்கான எஸ்யூ பம்ப் ஒன்று வாங்கி வர வேண்டும். புதுசு, பெட்ரோல் படாதது, பெட்டியில் ஓர் ஓரத்தில் அடங்கிவிடும். நெகட்டிவ் எர்த் என்று கேட்டு வாங்குங்கள், பாசிட்டிவ் எர்த்தை எடுத்து வந்துவிடாதீர்கள். காசை முன்னாலேயே அனுப்பிவிடுகிறேன்.